பொட்டலத்தை நிறுத்தியதும் அம்மா ஏன் சுருண்டு விழுந்தார்?

பர்மாவில் உள்ள பெகுவிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம், சுருக்கமாக:

"அம்மாவுக்கு 61 வயது. முழங்கால் வலிக்காக இரண்டரை வருடமாகத் தெருமுனைக் கடையில் விற்கும் மாத்திரைப் பொட்டலம் சாப்பிட்டு வந்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஒவ்வொன்றிலும் நாலைந்து மாத்திரை, பெயர் எதுவும் கிடையாது. ஆரம்பித்த மூன்றே நாளில் வலி போனது. நன்றாகப் பசித்தது, முகம் பூரித்தது. 'உடம்பு தேறிட்டீங்களே' என்று கோயிலில் எல்லாரும் சொன்னார்கள். போன வருடம் சர்க்கரையும் பிரஷரும் வந்தன. மெட்ஃபார்மின், கிளிக்லாசைடு, பிரஷர் மாத்திரை எடுக்கிறார். லேசாக இடித்தாலே கை ஊதாவாகக் கன்றிவிடும். பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருக்கும் என்று கேள்விப்பட்டு, வீட்டில் இருந்ததை அன்றே அள்ளிக் குப்பையில் போட்டேன். ஐந்தாம் நாள் அம்மா வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் 80/50, சர்க்கரை 58. டிரிப்பும் ஊசியும் போட்டதும் மறுநாளே எழுந்து உட்கார்ந்தார். அட்ரீனல் சுரப்பி வேலை செய்யவில்லை என்று சொல்லி பிரெட்னிசோலோன் தினம் 10 மி.கி. எழுதிக் கொடுத்தார்கள். அதுவும் ஸ்டீராய்டுதானாம். கெட்ட மருந்தை விட்டதற்கா இந்த நோய்? அதையே மறுபடியும் ஏன் கொடுக்கிறார்கள்? எப்போது நிறுத்தலாம்? சுரப்பி எழும்ப அதிமதுரக் கஷாயம் கொடுக்கச் சொல்கிறார்கள், கொடுக்கலாமா? தீமிதி வேண்டுதல் வேறு பாக்கி இருக்கிறது."

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த பிரெட்னிசோலோனை ஒரு நாள்கூட விடாதீர்கள். தீர்ந்துபோகும் வரை காத்திருக்காமல், கையில் எப்போதும் இரண்டு வாரத்துக்கான மாத்திரை கூடுதலாக வைத்திருங்கள். மருந்துக்கடையில் "இன்று இல்லை, நாளை வரும்" என்கிற பதில் மற்ற மருந்துகளுக்குப் பொறுத்துக்கொள்ளக் கூடியது. இதற்கு முடியாது.

பொட்டலத்தை நிறுத்த நினைத்தது சரி. ஒரே நாளில் நிறுத்தியதால்தான் ஆபத்து வந்தது. பெயரே இல்லாத மாத்திரையை எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று விற்றவரும் சொல்லவில்லை, உங்களுக்குத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. அதை நினைத்து வருந்த வேண்டாம்.

இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும் தொப்பி கவிழ்த்தாற்போல ஆளுக்கொரு அட்ரீனல் சுரப்பி இருக்கிறது. ஒவ்வொன்றும் 4, 5 கிராம்தான். அதன் புறப்பட்டையில் மூன்று அடுக்குகள். வெளி அடுக்கில் ஆல்டோஸ்டீரோன் சுரக்கிறது. உடம்பின் உப்புக்கும் பொட்டாசியத்துக்கும் அதுதான் காவல். நடு அடுக்கு பருமனானது, கார்டிசோல் அங்கிருந்து வருகிறது. உள் அடுக்கில் ஆண்தன்மை ஹார்மோன்கள் கொஞ்சம் உண்டாகின்றன. உங்கள் அம்மாவின் கதை முழுவதும் அந்த நடு அடுக்கைப் பற்றியது.

கார்டிசோல் இல்லாமல் மனிதர் உயிர் பிழைக்க முடியாது. சாப்பாடு தள்ளிப்போகும்போது கல்லீரலைச் சர்க்கரை செய்ய வைப்பது அது. ரத்தக் குழாய்கள் தொய்ந்துபோகாமல் இறுக்கம் கொடுப்பதும், வீக்கத்தையும் நோயெதிர்ப்பையும் வரம்புக்குள் நிறுத்துவதும் அதன் வேலை. ஒரு நாளைக்கு உடம்பு சுமார் 15 முதல் 20 மி.கி. சுரந்துகொள்கிறது. விடியற்காலையில் அது உச்சத்துக்கு ஏறும், நள்ளிரவில் அநேகமாக வற்றிவிடும். காய்ச்சலோ எலும்பு முறிவோ அறுவை சிகிச்சையோ வந்தால் உடம்பு தானாகவே பல மடங்கு கூட்டிக்கொள்ளும்.

சுரப்பி இதைத் தன்னிச்சையாகச் செய்வதில்லை. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் 'சி.ஆர்.எச்.' என்ற ஹார்மோனை அனுப்புகிறது. அதன் கீழே பட்டாணி அளவில், அரை கிராம் எடையில் தொங்கும் பிட்யூட்டரி, அதைப் பெற்று 'ஏ.சி.டி.எச்.' என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அட்ரீனலின் நடு அடுக்குக்கு இதுதான் உத்தரவு. இதுவே அதற்குத் தீனியும்கூட. ரத்தத்தில் கார்டிசோல் போதுமான அளவு வந்ததும் மேலே உள்ள இரண்டும் வாயை மூடிக்கொள்ளும். குறைந்தால் மறுபடி உத்தரவு போகும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. ரத்தத்தில் இருப்பது சொந்தக் கார்டிசோலா, அதைப் போலவே வேலை செய்யும் கடையில் வாங்கிய ஸ்டீராய்டா என்று ஹைப்போதலாமஸுக்கும் பிட்யூட்டரிக்கும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மூட்டு வலிப் பொட்டலங்களில் வழக்கமாகச் சேர்ப்பது டெக்சாமெதசோன் 0.5 மி.கி. அல்லது பிரெட்னிசோலோன் 5 மி.கி. கூடவே டைக்ளோஃபெனாக் போன்ற ஒரு வலி மாத்திரையும், ஒரு வைட்டமினும், சில நேரம் வயிற்றுக்கு ஒன்றும் இருக்கும். நிறத்தையும் வடிவத்தையும் வைத்து எது எது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டெக்சாமெதசோன் 0.75 மி.கி., பிரெட்னிசோலோன் 5 மி.கி., உடம்பின் சொந்தக் கார்டிசோலான ஹைட்ரோகார்டிசோன் 20 மி.கி., மூன்றும் ஏறத்தாழச் சம பலம். பொட்டலத்துக்கு ஒரே ஒரு டெக்சாமெதசோன் என்று வைத்தாலும் காலையும் இரவுமாக நாளுக்கு 1 மி.கி. ஆகிறது. உடம்பின் முழு நாள் தேவையை அது ஒன்றே தாண்டிவிடும்.

அந்த 1 மி.கி. எவ்வளவு பெரியது என்பதற்கு ஓர் அளவுகோல் சொல்கிறேன். கார்டிசோல் மிகையாகச் சுரக்கும் நோய் ஒருவருக்கு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க, இரவு 11 மணிக்கு டெக்சாமெதசோன் 1 மி.கி. கொடுத்து மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தம் எடுப்போம். ஆரோக்கியமானவருக்கு அந்த ஒரே வேளை மாத்திரையில் கார்டிசோல் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே போய்விடும், அதாவது ஏறக்குறைய அணைந்தேவிடும். ஒரு ராத்திரிக்கே அப்படி என்றால், அம்மா இரண்டரை வருடம் விழுங்கியிருக்கிறார். அதிலும் இரவுப் பொட்டலம்தான் கூடுதல் கெடுதல் செய்தது. விடியற்காலையில் எழும்ப வேண்டிய ஏ.சி.டி.எச். அலையை நேராகப் போய் அமுக்குவது இரவில் எடுக்கும் ஸ்டீராய்டு.

இறைக்கிற கிணறு ஊறும், இறைக்காத கிணறு நாறும் என்பார்களே, அட்ரீனலின் நடு அடுக்குக்கு அது அப்படியே பொருந்தும். ஏ.சி.டி.எச். வராத சுரப்பி வெறுமனே ஓய்வெடுப்பதில்லை. அந்த அடுக்கே மெலிந்து சுருங்கிவிடும். வெளி அடுக்கு மட்டும் தப்பித்துக்கொள்ளும், ஏனென்றால் ஆல்டோஸ்டீரோனுக்குப் பிட்யூட்டரியின் தயவு பெரிதாக வேண்டியதில்லை. சிறுநீரகத்திலிருந்து புறப்படும் ரெனின் அதைப் பார்த்துக்கொள்கிறது. சுரப்பியே அழிந்துபோகும் அடிசன் நோயில் தோல் கருக்கும், பொட்டாசியம் ஏறும், உப்புக்கு நாக்கு ஏங்கும். அம்மாவுக்கு இவை வராது. அதனால் "தோல் கருக்கவில்லையே, அப்போது அட்ரீனல் கோளாறு இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விழுந்தது ஏன் முதல் நாளே இல்லாமல் ஐந்தாம் நாள்? டெக்சாமெதசோனின் வேலை கடைசி மாத்திரைக்குப் பிறகும் 36 முதல் 54 மணி நேரம் தொடரும். அது தீர்ந்த பின்னும் ஓரிரு நாள் உடம்பு எப்படியோ இழுத்துப் பிடித்தது. பிறகு உள்ளே சுரப்பதும் இல்லை, வெளியே இருந்து வருவதும் இல்லை. ரத்தக் குழாய்கள் தொய்ந்து பிரஷர் 80/50 ஆனது. சர்க்கரை 58 ஆனதில் இன்னொரு கைவரிசையும் உண்டு. ஸ்டீராய்டு ஏற்றி வைத்திருந்த சர்க்கரைக்கு ஏற்றபடி கொடுத்தது கிளிக்லாசைடு. ஸ்டீராய்டு போன பிறகும், சாப்பாடு இறங்காதபோதும், அது பாட்டுக்குக் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிழிந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் போட்ட ஊசி பெரும்பாலும் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஆக இருக்கும். சரியான சிகிச்சை, சரியான நேரத்தில் கிடைத்திருக்கிறது.

'அதையே மறுபடியும் ஏன்?' என்ற கேள்விக்கு வருகிறேன். மருந்து வகை ஒன்றுதான். அளவும், நேரமும், கணக்கு வைத்திருப்பவர் யார் என்பதும் வேறு. சுரப்பி மறுபடி வளரும் வரை அம்மா உயிரோடு நடமாட உடம்புக்குத் தேவையான அளவை வெளியிலிருந்து கொடுக்கிறோம். அதுவும் காலையில் ஒரே வேளையாக, சாப்பாட்டோடு. மொஹிங்காவோ இட்லியோ, எதைச் சாப்பிட்டாலும் சரி, எட்டு மணிக்குள் மாத்திரை உள்ளே போக வேண்டும். காலையில் எடுத்த பிரெட்னிசோலோன் நள்ளிரவுக்குள் பெருமளவு அடங்கிவிடும். அந்த இடைவெளியில்தான் பிட்யூட்டரி விழித்துக்கொள்ள முடியும். மாலைக்கு மாற்றினால் அந்த வாய்ப்பு போகும், தூக்கமும் கெடும்.

ஸ்டீராய்டின் உடனடிப் பலனைக் கண்டு முதலில் ஏமாந்தவர்கள் நோயாளிகள் அல்ல, மருத்துவர்கள்தான். 1948-இல் அமெரிக்காவில் ஃபிலிப் ஹென்ச் முடக்குவாத நோயாளி ஒருவருக்குக் கார்டிசோன் போட்டபோது, படுக்கையிலிருந்து எழ முடியாமல் கிடந்தவர் சில நாளில் நடந்தார். 1950-இல் அதற்காக நோபல் பரிசே கொடுத்தார்கள். 1952-இலேயே, கார்டிசோன் எடுத்து வந்தவர் அறுவை சிகிச்சைக்குப் பின் அதிர்ச்சி நிலையில் இறந்ததையும், அவருடைய அட்ரீனல் சுருங்கிக் கிடந்ததையும் மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். எழுபது வருடம் கழித்தும் தெருமுனைக் கடைக்கு அந்தச் செய்தியின் முதல் பாதி மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

எப்போது நிறுத்தலாம் என்பதற்குத் தேதி குறிக்க முடியாது, வழி சொல்லலாம். 10 மி.கி.யிலிருந்து 5 மி.கி. வரை இறங்குவதற்கு, ஒன்று முதல் நான்கு வாரத்துக்கு ஒரு தடவை 1 மி.கி. குறைப்பது வழக்கம். 1 மி.கி. மாத்திரை கிடைக்காவிட்டால் 5 மி.கி. மாத்திரையைப் பாதியாக உடைத்து 7.5-க்கு வரலாம். அந்தப் படி அதிகமாகத் தோன்றினால் ஒரு நாள் 10, மறுநாள் 7.5 என்று இரண்டு வாரம் ஓட்டிவிட்டு இறங்கலாம். இதை உங்கள் டாக்டர் தாளில் எழுதித் தரட்டும். அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். 5 மி.கி.க்கு வந்ததும் அவசரப்படக் கூடாது. அதற்குக் கீழே இறங்கும்போது சொந்தச் சுரப்பி பாக்கியை ஈடுகட்ட வேண்டும். அதனால் அங்கே நின்று ரத்தத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த ரத்தப் பரிசோதனை தப்பாக எடுக்கப்படுவது சகஜம், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பார்க்க வேண்டியது காலைக் கார்டிசோல். ரத்தம் எடுக்க வேண்டிய நேரம் காலை 8 முதல் 9 மணிக்குள். கடைசி பிரெட்னிசோலோன் போட்டு 24 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அதாவது முதல் நாள் காலை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுவிட்டு, பரிசோதனை அன்று ரத்தம் கொடுத்த பிறகு அன்றைய மாத்திரையை விழுங்க வேண்டும். மாத்திரையைப் பையிலேயே எடுத்துப் போங்கள், லேப் வாசலிலேயே போட்டுவிடலாம். முன்னாலேயே போட்டுவிட்டால், பிரெட்னிசோலோனையும் கார்டிசோல் என்றே எண்ணிக்கொண்டு பல இயந்திரங்கள் எண்ணை ஏற்றிக் காட்டும். சுரப்பி தூங்கிக்கொண்டிருக்கும்போது விழித்துவிட்டதாக முடிவு வரும், மாத்திரையை நிறுத்துவார்கள், அம்மா மறுபடி விழுவார். மத்தியானம் எடுத்தால் நேர்மாறு: நல்ல சுரப்பிக்குக்கூட எண் தாழ்ந்து வரும்.

முடிவு டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது லிட்டருக்குச் சுமார் 300 நானோமோலுக்கு மேல் என்றால் சுரப்பி தேறிவிட்டது, மாத்திரையை விடலாம். 5-க்கும் 10-க்கும் இடையில் என்றால் தேறி வருகிறது. அதே அளவைத் தொடர்ந்து சில வாரமோ ஓரிரு மாதமோ கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 5-க்குக் கீழே, அதாவது 150 நானோமோலுக்குக் கீழே என்றால் இன்னும் தூக்கம்தான்; சில மாதம் பொறுங்கள். இடைப்பட்ட எண்ணிலேயே பல மாதம் நின்றால் சினாக்தென் என்ற செயற்கை ஏ.சி.டி.எச். 250 மைக்ரோகிராம் ஊசி போட்டு அரை மணியிலும் ஒரு மணியிலும் கார்டிசோல் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. பெகுவில் முடியாவிட்டால் ரங்கூனில் விசாரியுங்கள். இரண்டரை வருடம் அமுங்கிய சுரப்பிக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் பிடிப்பது சாதாரணம், சிலருக்கு அதற்கும் மேல். பிட்யூட்டரி முதலில் எழும், அட்ரீனல் பின்னால்தான் வரும்.

இனி, இந்தப் பதிலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது: காய்ச்சல் நாள். நல்ல நாளில் 5 மி.கி. போதும். காய்ச்சல் வந்த உடம்பு இரண்டு மூன்று மடங்கு கார்டிசோல் கேட்கும், தூங்கும் சுரப்பியால் கொடுக்க முடியாது. அதனால் அம்மா 5 மி.கி. எடுத்துக்கொண்டிருக்கும் சமயத்தில் காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால் நாளுக்கு 10 மி.கி.: காலை 5, மாலை 5. இப்போதுபோல 10 மி.கி. எடுக்கும் நாளில் வந்தால் அதையே காலை 5, மாலை 5 என்று பிரித்துக் கொடுங்கள். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் வரை அப்படி, பிறகு பழைய அளவுக்கே நேராகத் திரும்பலாம். இந்தச் சில நாள் கூடுதலால் சுரப்பியின் தேறுதல் கெட்டுவிடாது. பயந்துகொண்டு கொடுக்காமல் விடுவதில்தான் ஆபத்து.

மாத்திரை போட்ட அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி ஒன்று கொடுங்கள். அதையும் வாந்தி எடுத்தால் மூன்றாவதாக ஒன்றை முயன்று பார்க்க வேண்டாம், வண்டியைக் கூப்பிடுங்கள். வயிற்றுப்போக்கு நிற்காமல் போனாலும் அப்படியே, மாத்திரை குடலில் தங்காது. ஆஸ்பத்திரியில் போட வேண்டியது ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. ஊசி, சதையிலோ நரம்பிலோ, அத்துடன் உப்புநீர் டிரிப். பல் பிடுங்குவது, கண்புரை அறுவை, எது செய்யப் போனாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மாத்திரையை முழுக்க நிறுத்திய பிறகும் ஒரு வருடத்துக்கு இந்த எச்சரிக்கை உண்டு.

அம்மாவின் கைப்பையில் ஓர் அட்டை இருக்கட்டும். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர், அட்ரீனல் குறைபாடு உண்டு, வாந்தி மயக்கம் விபத்து அறுவை என்றால் ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. உடனே போடவும் என்று டாக்டரிடம் பர்மியத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் நிற்கும் நர்ஸுக்குத் தமிழ் அட்டையால் பயனில்லை.

மருந்து குறையக் குறைய மூட்டு வலி திரும்பும். அதோடு உடம்பு முழுக்க அடித்துப் போட்டாற்போல இருக்கும், மனம் சோரும், பசி குறையும். அளவு போதுமானதாக இருக்கும்போதே, பழகிய உடம்பு உயர்ந்த அளவைத் தேடும் ஏக்கம் இது. சில வாரத்தில் தணியும். இந்த நாட்களில்தான் பலர் கடைக்குத் திரும்பிப் போகிறார்கள். ஏக்கத்தையும் உண்மையான குறைபாட்டையும் பிரித்தறிய ஒரு பிரஷர் கருவி போதும். அம்மாவைப் படுக்கவைத்து ஐந்து நிமிடம் கழித்து அளந்து, எழுந்து நிற்கவைத்து மூன்றாவது நிமிடத்தில் மறுபடி அளந்து பாருங்கள். மேல் எண் 20-க்கு மேல் இறங்கினாலோ, குமட்டலும் தலைசுற்றலும் இருந்தாலோ, சர்க்கரை 70-க்குக் கீழே போனாலோ அது ஏக்கம் இல்லை. அன்றே டாக்டரிடம் போங்கள்.

முழங்காலுக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. ஒன்றோ இரண்டோ, நாளுக்கு ஆறு மாத்திரைக்குள். டைக்ளோஃபெனாக் ஜெல் மேலே தடவலாம். தொடைத் தசைக்குப் பயிற்சி கட்டாயம் வேண்டும், ஏனென்றால் ஸ்டீராய்டு அந்தத் தசையைத்தான் முதலில் கரைக்கும். தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியவில்லை என்றால் மூட்டு மட்டும் காரணமாக இருக்காது. நாற்காலியில் உட்காரவைத்து ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தைத் தன் பக்கம் மடக்கி, பத்து எண்ணும் வரை பிடித்து இறக்கச் சொல்லுங்கள். காலுக்குப் பத்து தடவை, நாளுக்கு மூன்று வேளை. ஆறு வாரமாவது ஆகும் பலன் தெரிய. மூட்டுக்குள் ஊசி போடலாம் என்று யாராவது சொன்னால், அதுவும் ஸ்டீராய்டுதான், சில வாரம் சுரப்பியை மறுபடி அமுக்கும். கார்டிசோல் பரிசோதனைக்கு முன்னால் வேண்டாம். முகம் வெளுக்க விற்கும் பெயரில்லாத கிரீம்களிலும் குளோபெட்டசோல் என்ற வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். தேமல், அரிப்பு என்று வாங்கும் களிம்பின் பெயரையும் படித்துப் பாருங்கள்.

கிளிக்லாசைடை இந்த மாதமே டாக்டரிடம் மறு கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு இறங்க இறங்கச் சர்க்கரையும் இறங்கும். பழைய அளவு மாத்திரை பழைய சர்க்கரைக்கானது. காலை பிரெட்னிசோலோன் ஏற்றும் சர்க்கரை மத்தியானத்துக்கு மேல்தான் தெரியும் என்பதால், வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் பாதிப் படம்தான் கிடைக்கும். மாலை நாலைந்து மணிக்கும் ஒரு தடவை குத்திப் பாருங்கள். வாந்தி பேதி நாளில் மெட்ஃபார்மினை நிறுத்தி வைக்க வேண்டும். பிரஷர் மாத்திரைக்கும் குறைப்பு தேவைப்படலாம்.

பொட்டலம் விட்டுப்போன மற்றக் கணக்குகளும் உண்டு. வலி மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் குடல்புண், அதனால் மலம் தார்போலக் கறுத்தால் காத்திருக்காதீர்கள். சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்ப் பரிசோதனை. அதற்கு மருந்து தொடங்கினால் ரிஃபாம்பிசின் பிரெட்னிசோலோனை வேகமாகக் கரைத்துவிடும், அளவைக் கூட்ட வேண்டிவரும். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடந்தவர்களின் குடலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு பல வருடம் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீராய்டு வந்ததும் அது பெருகி உடம்பெங்கும் பரவக்கூடும். ஐவர்மெக்டின் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். எலும்புக்குக் கால்சியம் உணவும் மாத்திரையுமாக நாளுக்கு 1,000 முதல் 1,200 மி.கி., வைட்டமின் டி 800 யூனிட். திடீர் முதுகுவலி என்றால் எக்ஸ்ரே எடுங்கள், முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம். கண்ணையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

அதிமதுரக் கஷாயம் கொடுக்க வேண்டாம். சொன்னவர் காற்றில் சொல்லவில்லை, அதில் கார்டிசோல் சம்பந்தமான ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறது. அதிலுள்ள கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசோலைச் செயலிழக்கச் செய்யும் என்சைமைத் தடுக்கிறது. உடம்பு உப்பைப் பிடித்துக்கொள்ளும், பொட்டாசியம் போகும், பிரஷர் ஏறும். தூங்கும் சுரப்பியை எழுப்பும் வேலையை அது செய்யாது. பிரஷர் உள்ள அம்மாவுக்குத் தினசரிக் கஷாயமாக அது கூடவே கூடாது. தொண்டைக் கரகரப்புக்கு எப்போதாவது ஒரு துண்டைச் சுவைப்பதைப் பற்றி நான் சொல்லவில்லை.

வேண்டுதலைப் பற்றி. விரத நாளிலும் காலை மாத்திரை உண்டு, கூடவே ஏதாவது ஆகாரமும் உண்டு, பாலும் பழமுமாவது. முழுப் பட்டினி இந்த வருடம் கிடையாது. தீமிதியும் கூடாது. ஸ்டீராய்டு மெலியவைத்த தோல், சர்க்கரைக் கால், மெதுவாக ஆறும் புண், மூன்றும் ஒரே பாதத்தில் இருக்கின்றன. ஒரு கொப்புளம் சீழ் பிடித்துக் காய்ச்சலானால், மேலே சொன்ன காய்ச்சல் நாள் வந்துவிடும். அம்மாவுக்குப் பதிலாகப் பிள்ளை இறங்குவதோ, அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைப்பதோ வழக்கத்தில் உள்ளதுதான், பூசாரியைக் கேளுங்கள். அம்மா கரையில் நிற்கட்டும், செருப்போ காலுறையோ அனுமதிக்கிற இடத்தில்.